சமவாய்ப்பு எண்ணும் ஊழும்

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளுக்கும் பொறியியல் கலந்தாய்வு தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட வாரங்களில், தமிழகத்தின் எண்ணற்ற வீடுகளில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: இந்த மதிப்பெண்ணுக்குக் கிண்டியில் இடம் கிடைக்குமா? கேட்பவர்கள் இதைக் கணக்குக் கேள்வியாகக் கொண்டு, கடந்த ஆண்டின் கட்-ஆஃப் பட்டியலைப் புரட்டி விடை தேடுகின்றனர். தேர்வு எழுதி, விடைத்தாள் திருத்தி, மதிப்பெண் பட்டியலும் கைக்கு வந்துவிட்ட பிறகு அந்த மாணவர் செய்யக்கூடியது ஏறத்தாழ ஒன்றும் மிச்சமில்லை என்னும்போது, வாய்ப்பு என்ற பெயரில் எஞ்சி நிற்பது எது என்று கேட்கத் தொடங்கினால், கேள்வி கணக்கை விட்டு மெய்யியலுக்குள் நுழைந்துவிடுகிறது. இடம் கிடைத்தால் உழைப்பின் பயன் என்றும் கிடைக்காவிட்டால் தலையெழுத்து என்றும் சொல்லிப் பழகிய சமூகத்தில், உழைப்பும் ஊழும் தற்செயலும் நீதியும் ஒரு சேர்க்கைப் பட்டியலுக்குள் எவ்வாறு கலந்து கிடக்கின்றன என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளைகள் பலர் அந்தப் பட்டியலைத் தங்கள் மீது எழுதப்பட்ட தீர்ப்பாகவே படித்துக் கலங்குகிறார்கள் என்பதால், இதை ஏட்டளவிலான ஆராய்ச்சி என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

முதலில் முறையைத் தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, 1978இல் உருவான அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகக் கல்லூரிகளுள் மூத்தது. அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் அதன் உடன் நிற்பவை. அரசுக் கட்டணத்தில் உயர்ந்த கல்வி கிடைக்கும் இடங்கள் என்பதால், தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் இவற்றையே மாணவர்கள் முதலில் நாடுகின்றனர். இச்சேர்க்கையின் அடிப்படை, கட்-ஆஃப் என்று வழங்கும் 200க்கான மதிப்பெண்: கணிதத்தின் 100 மதிப்பெண்ணும் முழுமையாகவும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைக்கப்பட்டுத் தலா 50 ஆகவும் கூட்டப்படுகின்றன. ஆகவே கணிதத்தில் இழந்த ஒரு மதிப்பெண் கட்-ஆஃபிலும் ஒன்றாகவே குறைய, மற்ற இரண்டில் இழந்தது அரையாகக் குறைகிறது. இந்த எண்ணைக் கொண்டு தரவரிசைப் பட்டியல் தயாராகி, அந்த வரிசைப்படியே மாணவர்களின் விருப்பக் கல்லூரிகள் ஒதுக்கப்படுகின்றன. கட்-ஆஃப் என்ற சொல்லுக்கு வழக்கில் இன்னொரு பயன்பாடும் உண்டு: ஒரு கல்லூரியின் ஒரு பாடப்பிரிவில், ஒரு வகுப்பினருக்கான கடைசி இடத்தைப் பெற்றவரின் மதிப்பெண்ணும் அப்பெயராலேயே சுட்டப்படுகிறது. முதலாவது மாணவருடையது, இரண்டாவது கூட்டத்துடையது. பெரும்பாலான குழப்பங்கள் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதிலிருந்தே பிறக்கின்றன.

கூட்டத்தின் எண் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு அலையும் என்பதை உச்சியில் நிற்பவர்களைப் பார்த்தாலே அறியலாம். 200க்கு 200 கட்-ஆஃப் பெற்றவர்கள் 2023ஆம் ஆண்டுத் தரவரிசைப் பட்டியலில் 102 பேர். 2024இல் 65 பேர். 2025இல் 144 பேர். இந்த மூன்று ஆண்டுகளில் மாணவர்களின் அறிவு திடீரென்று தாழ்ந்து பிறகு இரட்டிப்பாக உயர்ந்துவிட்டது என்று யாரும் கருத மாட்டார்கள். வினாத்தாளின் கடுமை, திருத்தும் குறிப்புகளின் தாராளம், விண்ணப்பித்தோர் தொகை ஆகியவற்றுள் எது மாறினாலும் இந்த எண்ணிக்கை மாறும். ஆகவே கடந்த ஆண்டில் 198.5 பெற்ற ஒருவருக்குக் கிடைத்த இடம், இந்த ஆண்டில் அதே 198.5 பெற்றவருக்கும் கிடைக்கும் என்று சொல்ல எந்த விதியும் இல்லை. மதிப்பெண்ணைவிடத் தரவரிசை எண் ஓரளவு உறுதியான வழிகாட்டி என்று அனுபவம் மிக்க ஆசிரியர்கள் சொல்வதற்குக் காரணமும் இதுதான்: இடங்களின் தொகை ஏறத்தாழ நிலையாக இருக்க, மதிப்பெண்ணின் மதிப்பு மட்டும் ஆண்டுதோறும் வீங்கவும் சுருங்கவும் செய்கிறது.

இந்த நிலையில் ஒருவருக்கு இடம் கிடைக்க 60 சதவீத வாய்ப்பு உண்டு என்று யாராவது சொன்னால், அந்த 60 எதைக் குறிக்கிறது? 1814இல் நிகழ்தகவு பற்றிய மெய்யியல் கட்டுரையை வெளியிட்ட பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ், அனைத்தையும் அறிந்த ஓர் அறிவுக்கு உலகில் ஐயத்துக்குரியது எதுவும் இராது என்றும், நிகழ்தகவு ஒரு பகுதி நம் அறிவையும் ஒரு பகுதி நம் அறியாமையையும் சார்ந்தது என்றும் விளக்கினார். சேர்க்கை வாய்ப்புக்கு இது மிகவும் பொருந்துகிறது. எல்லாருடைய மதிப்பெண்களும் அரசுத் தேர்வுத் துறையின் கணினியில் ஏற்கெனவே பதிவாகிவிட்டன. அறியாதது வீட்டில் கவலையோடு உட்கார்ந்திருக்கும் குடும்பம்தான். இங்கிலாந்தின் ஜான் வென் 1866இல் எழுதிய நூலில் இன்னொரு சிக்கலை எழுப்பினார். ஒரு தனி மனிதரைப் பற்றி நிகழ்தகவு சொல்லும்போது, அவரை எந்தக் கூட்டத்தின் உறுப்பினராகக் கொண்டு கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடும் என்பதே அச்சிக்கல். பிற்கால மெய்யியலாளர் இதை ஒப்பீட்டுத் தொகுதிச் சிக்கல் என்று வழங்கினர். ஒரே மாணவி 198 கட்-ஆஃப் பெற்றவர் என்ற தொகுதியில் ஒரு வாய்ப்பையும், அரசுப் பள்ளியில் படித்தவர் என்ற தொகுதியில் வேறொரு வாய்ப்பையும், மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என்ற தொகுதியில் மூன்றாவது வாய்ப்பையும் உடையவராகிறார். இவற்றுள் எது அவருடைய உண்மையான வாய்ப்பு என்று கேட்டால், அப்படி ஒன்று தனியாக இல்லை என்றே வென்னின் வழியில் விடை சொல்ல வேண்டியிருக்கும். சதவீதம் கூட்டத்தைப் பற்றிய உண்மை. அதைத் தனியொருவரின் நெற்றியில் எழுதிய எழுத்தாகப் படிப்பது பிழை.

அறியாமையைத் தவிர உண்மையிலேயே முடிவாகாத இரண்டு செய்திகளும் உள்ளன என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒன்று, முன்வரிசையில் நிற்கும் பிறருடைய விருப்பம். அவர்களுள் எத்தனை பேர் நீட் தேர்வின் வழியே மருத்துவத்துக்குப் போவார்கள், எத்தனை பேர் ஐ.ஐ.டி.யிலோ திருச்சி என்.ஐ.டி.யிலோ சேர்வார்கள், எத்தனை பேர் கணினி அறிவியலை விட்டு மின்னணுவியலைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதெல்லாம், பின்னால் நிற்பவர் ஒருபோதும் சந்திக்கப்போகாத மனிதர்களின் மனத்துக்குள் இருக்கின்றன. ஒருவருடைய இடம் அவர் அறியாதவர்களின் ஆசைகளால் தீர்மானமாகிறது என்பது சிந்திக்கத்தக்கது. மற்றொன்று, சமவாய்ப்பு எண்.

இந்த எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் சேர்க்கை முறையின் மெய்யியல் முழுவதும் அதற்குள் ஒடுங்கியிருக்கிறது. 199.5 கட்-ஆஃப் பெற்றவர்களை எடுத்துக்கொள்வோம். மூன்று பாடங்களில் இரண்டில் 100 பெற்று, இயற்பியலிலோ வேதியியலிலோ 99 பெற்றவர்களே இந்த எண்ணை அடைய முடியும். சமன் நேரும்போது முதலில் கணித மதிப்பெண்ணையும் அடுத்து இயற்பியல் மதிப்பெண்ணையும் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆகவே வேதியியலில் ஒரு மதிப்பெண்ணை விட்டவர்கள் அனைவரும், இயற்பியலில் ஒரு மதிப்பெண்ணை விட்டவர்கள் அனைவருக்கும் முன்னால் நிற்பார்கள். அந்த ஒரு மதிப்பெண் ஒரு சமன்பாட்டில் விடுபட்ட அலகாக இருக்கலாம், ஒரு படத்தில் குறிக்க மறந்த அம்புக்குறியாக இருக்கலாம், செய்முறைத் தேர்வில் அளவி சற்று முரண்டு பிடித்ததால் வந்த வேறுபாடாகவும் இருக்கலாம். மூன்று பாடங்களும் ஒத்துப்போனால் பிற பாடங்களின் மதிப்பெண்கள் பார்க்கப்படுகின்றன. விதியின் உட்பிரிவுகள் ஆண்டுக்காண்டு சிறிது மாறியிருந்தாலும், இறுதியில் பிறந்த தேதியைப் பார்த்து மூத்தவருக்கு முன்னுரிமை தருவதும், அதுவும் ஒன்றாக இருந்தால் ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் கணினி வழங்கிய பத்து இலக்கச் சமவாய்ப்பு எண்களை ஒப்பிட்டுப் பெரிய எண் உடையவரை முன்னே நிறுத்துவதும் நெறியாக உள்ளன. உழைப்பில் தொடங்கும் வரிசை, யாருடைய உழைப்பும் தொடாத பிறந்த நாளுக்கு வந்து, அங்கிருந்து எந்தப் பொருளும் இல்லாத ஓர் எண்ணில் போய் முடிகிறது.

கணினி எண் போட்டு ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை முடிவுசெய்வதா என்று சிலர் மனம் வருந்துகின்றனர். அந்த வருத்தம் இயல்பானதே எனினும், தமிழகத்தின் சொந்த வரலாறு அதற்கு விடை வைத்திருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919ஆம் ஆண்டையும் 921ஆம் ஆண்டையும் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த குடவோலை முறையை விரிவாகப் பதிவு செய்திருக்கின்றன. வரி செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, குறித்த வயது வரம்பு, கல்வி, கணக்குக் காட்டாமல் இருந்தவர்களையும் குற்றம் புரிந்தவர்களையும் விலக்கும் விதிகள் ஆகியவற்றால் முதலில் தகுதி வரையறுக்கப்பட்டது. அதன் பிறகு தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சூதறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். நிலமும் வேதக் கல்வியும் உடையவரை மட்டுமே தகுதியுடையவராகக் கண்ட அந்த ஊரின் எல்லைகளை மறைப்பதற்கில்லை. ஆயினும் தகுதியையும் தற்செயலையும் இரு தனிப் படிகளாக வைத்து, ஒன்று எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்பதைக் கல்லில் வெட்டி அறிவித்த நேர்மை அவர்களிடம் இருந்தது. தகுதியில் வேறுபாடு காண முடியாத இடத்தில் குலுக்கிப் போடுவது யாரையும் இழிவுபடுத்துவதில்லை. வேறுபாடு இருப்பதாகப் பாவனை செய்வதே இழிவுபடுத்துகிறது.

சமயங்களும் குலுக்கலுக்கு அஞ்சியதில்லை. தமிழகக் கோயில்களில் சிவப்பும் வெள்ளையுமான பூக்களைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சன்னதியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லி உத்தரவு கேட்கும் வழக்கம் இன்றும் உண்டு. யூதாசின் இடத்துக்குப் பன்னிரண்டாவது திருத்தூதராக மத்தியா சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியை விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. அங்கும் தகுதியுடைய இருவரை முன்னிறுத்திய பிறகே சீட்டுப் போடப்பட்டது. மனித அறிவின் எல்லை முடியும் இடத்தில் கை விலகிக்கொண்டு, அந்த விலகலை வெளிப்படையாகச் செய்வதே இவ்வழக்கங்களின் உட்பொருள். சமவாய்ப்பு எண்ணும் அதே வெளிப்படைத்தன்மை உடையது. சேர்க்கையில் அதைவிடப் பெரிய தற்செயல்கள் மதிப்பெண்ணின் உள்ளேயே மறைந்திருக்கின்றன. அவற்றுக்கு யாரும் சமவாய்ப்பு என்று பெயர் சூட்டாததால், அவை தகுதி என்ற பெயரிலேயே நடமாடுகின்றன.

தகுதியை அளக்கும் கோலே காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது என்பது இதை மேலும் தெளிவாக்கும். 2006ஆம் ஆண்டு வரை பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு இருந்தது. பள்ளித் தேர்வின் 200உடன் நுழைவுத்தேர்வின் 100 சேர்ந்து 300க்குக் கணக்கிடப்பட்டது. கிராமப்புற மாணவர்களைப் பயிற்சி வகுப்புகளின் செலவு பின்னுக்குத் தள்ளுகிறது என்ற காரணத்தால் அது நீக்கப்பட்டு, 2007-08 கல்வியாண்டிலிருந்து பள்ளி மதிப்பெண் மட்டுமே அளவுகோலாயிற்று. கொரோனா பெருந்தொற்றால் பொதுத்தேர்வே நடக்காத 2021இல், பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 சதவீதமும், பதினொன்றாம் வகுப்பிலிருந்து 20 சதவீதமும், பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மற்றும் அக மதிப்பீட்டிலிருந்து 30 சதவீதமும் எடுத்து மதிப்பெண் வழங்கப்பட்டது. ஒரே மாணவரை இந்த மூன்று கோல்களாலும் அளந்தால் மூன்று தரவரிசை எண்கள் கிடைத்திருக்கும். எந்தக் கோல் நல்லது என்பது தனி விவாதம்; நுழைவுத்தேர்வை நீக்கியது சரியான முடிவு என்றே இக்கட்டுரை கருதுகிறது. ஆனால் கோலைச் சமூகம் தேர்ந்தெடுக்கிறது என்பதை ஒப்புக்கொண்ட பிறகு, அளவை ஆன்மாவின் எடையாகக் கொள்வதற்கு நியாயம் இல்லை. பிரிட்டனின் சமூகவியலாளர் மைக்கேல் யங் 1958இல் தகுதியாட்சியைப் பற்றி நூல் எழுதியபோது எச்சரித்தது இதையே: தகுதியால் மட்டுமே வென்றோம் என்று நம்பும் வென்றவர்களும், தகுதி இல்லாததால் தோற்றோம் என்று நம்பும் தோற்றவர்களும் சேர்ந்து வாழும் சமூகம், பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்த பழைய சமூகத்தைவிட இரக்கமற்றதாக ஆகிவிடக்கூடும் என்பது அவருடைய அச்சம்.

இங்கேதான் வினைக் கோட்பாடு குறுக்கே வருகிறது. இடம் கிடைக்காத பிள்ளையிடம், போன பிறவியில் செய்த வினை என்றோ கொடுப்பினை இல்லை என்றோ சொல்லும் பெரியவர்கள், பெரும்பாலும் ஆறுதல் சொல்வதாகவே எண்ணுகின்றனர். ஆனால் இந்தியச் சமய மரபு முழுவதும் எல்லா நிகழ்வையும் பழவினையின் கணக்கில் எழுதிவிட்டது என்று நினைப்பது தவறு. பாலி மொழியிலுள்ள சம்யுத்த நிகாயத்தின் சீவக சூத்திரத்தில், மனிதர் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்செய்த வினையால் வருவதே என்ற கொள்கையைப் பற்றி மோளிய சீவகன் என்ற துறவி கேட்க, புத்தர் அதை மறுத்து, பித்தம், கபம், வாயு, அவற்றின் சேர்க்கை, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குதல் ஆகியவற்றாலும் துன்பம் வருவதைச் சொல்லி, வினைப்பயனை எட்டாவது காரணமாக மட்டுமே வைக்கிறார். கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் ஒரு செயல் நிறைவேறுவதற்கு ஐந்து காரணங்களை எண்ணுகிறது: செயலுக்கு இடமான களம், செய்பவர், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். சேர்க்கையில் வைத்துப் பார்த்தால் இந்தப் பட்டியலின் நுட்பம் விளங்கும். களம் என்பது இடங்களின் தொகை. கருவி என்பது பள்ளி, ஆசிரியர், ஆய்வகம், வீட்டில் படிக்க ஓர் அமைதியான மூலை. தெய்வத்தின் மீது ஏற்றப்படும் பழியில் பெரும்பகுதி உண்மையில் கருவியின் குறை.

எல்லாம் நியதிப்படியே நடக்கும் என்ற ஆசீவகக் கொள்கை தமிழகத்தில் செல்வாக்கோடு இருந்தது என்பதற்கு, மணிமேகலை அக்கொள்கையினரைச் சமய வாதிகளுள் ஒருவராக நிறுத்துவதும் நீலகேசி அவர்களை மறுக்கத் தனிச் சருக்கம் அமைப்பதும் சான்று. வள்ளுவரோ ஊழின் வலிமைக்கு அறத்துப்பாலின் இறுதியில் ஓர் அதிகாரம் தந்து, பின்னர் பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் தந்திருக்கிறார். ஊழை வெல்ல எதுவும் இல்லை என்று முன்னதில் ஒப்புக்கொண்டவர், தளராத முயற்சி ஊழையும் புறங்காட்டச் செய்யும் என்று பின்னதில் சொல்வதை முரண்பாடு என்று உரையாசிரியர்கள் பலவாறு பொருத்திக் காட்ட முயன்றனர். வாழ்க்கையின் இரு வேறு நேரங்களுக்கு உரிய இரு உண்மைகள் அவை என்று கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது. தேர்வுக்கு முந்தைய மார்கழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆள்வினையுடைமை உரியது. முடிவு வந்த பிறகு ஊழ் உரியது. இவற்றை இடம் மாற்றிப் போட்டுவிடுவதே பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது: படிக்கும் காலத்தில் விதியைக் காட்டி முயற்சியைக் குறைக்கிறார்கள், முடிவு வந்தபின் முயற்சி போதவில்லை என்று பிள்ளையை வதைக்கிறார்கள்.

ஊழ் என்ற சொல்லால் மூடக்கூடாத இன்னொரு பகுதியும் சேர்க்கையில் உண்டு. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணையின்படி மருத்துவ, பொறியியல் இடங்கள் பதினான்கு பதினான்காகப் பிரிக்கப்பட்டு, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று வழங்கப்பட்டன. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்ப்பளிக்க, தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. இன்று பொதுப்போட்டிக்கு 31 சதவீதமும், பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, அருந்ததியருக்கான 3 உள்ளிட்டுப் பட்டியல் வகுப்பினருக்கு 18, பழங்குடியினருக்கு 1 சதவீதமும் இருக்க, 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் நடைமுறையில் உள்ளது. பல நூற்றாண்டுகளாக ஒரு சாராருக்குக் கல்வி மறுக்கப்பட்டபோது அதைப் பிறவிப்பயன் என்று சொல்லியே நியாயப்படுத்தினார்கள். அது மனிதர் செய்த ஏற்பாடு, ஆகவே மனிதரே மாற்றலாம் என்று கண்டதன் விளைவுதான் இந்தச் சதவீதங்கள். எது மாற்றமுடியாதது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஊழ் என்று வணங்குவது சமயப்பற்று ஆகாது.

செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள செட்டிபுண்ணியத்தில் யோக ஹயக்ரீவர் சன்னதிக்குப் பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரங்களில் செல்பவர்கள், பேனாக்களும் ஹால் டிக்கெட்டுகளும் குவியலாக வைத்துப் பூசிக்கப்படுவதைக் காணலாம். அங்கே வேண்டப்படுவது எது என்ற கேள்வியைச் சமயமே எழுப்ப வேண்டும். இடங்களின் தொகை வரையறுக்கப்பட்டிருக்கும்போது, எனக்கு இடம் கொடு என்ற வேண்டுதல், பெயர் தெரியாத இன்னொரு பிள்ளையை விலக்கு என்ற வேண்டுதலையும் தன்னுள் கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளையின் பேனாவும் அதே குவியலில் இருக்கக்கூடும். யூதர்களின் மிஷ்னா, பெராக்கோத் பகுதியில், ஊருக்குள் அழுகுரல் கேட்டு, அது தன் வீட்டிலிருந்து வந்ததாக இருக்கக்கூடாது என்று வேண்டுவதை வீண் வேண்டுதல் என்று வகுத்திருக்கிறது. நடந்துவிட்டதை மாற்றச் சொல்வது ஒரு குறை. துன்பம் அடுத்த வீட்டுக்கு உரியதாகட்டும் என்று உள்ளூர நினைப்பது இன்னொரு குறை. விடைத்தாள் திருத்தி முடிந்தபின் மதிப்பெண்ணுக்காகச் செய்யும் அர்ச்சனை இவ்விரண்டு குறைகளையும் உடையது. நடந்து முடிந்ததற்காக வேண்டுவதில் பொருள் உண்டா என்பதை மைக்கேல் டம்மெட் என்ற ஆங்கிலேய மெய்யியலாளர் 1964இல் ஆராய்ந்து, விளைவு நமக்கு இன்னும் தெரியாத நிலையில் அத்தகைய வேண்டுதலை அடியோடு பொருளற்றது என்று எளிதில் தள்ளிவிட முடியாது என்று வாதிட்டார்; முக்காலமும் அறிந்த இறைவனிடம் வேண்டும்போது காலம் தடையாகாது என்ற எண்ணத்துக்கு அது இடம் தருகிறது. அவ்வாதத்தை ஏற்றுக்கொண்டாலும் முதல் குறையே நீங்கும். அடுத்த வீட்டைப் பற்றிய குறை அப்படியே நிற்கும்.

தேர்வு அறையில் மனம் தெளிவாக இருக்க வேண்டும், கற்றது மறக்காமல் நினைவுக்கு வர வேண்டும் என்று கேட்பதில் இந்தக் குறை இல்லை. இந்த வேண்டுதல் ஒரே வேளையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நிறைவேறலாம், யாருக்கும் யாரும் போட்டியில்லை. எது வேண்டத் தக்கது என்பதையும் இறைவனே அறிவான் என்று விட்டுவிடும் மனநிலையைத் திருவாசகத்தின் குழைத்த பத்தில் காணலாம். அது பக்தியின் முதிர்ந்த நிலை. பதினேழு வயதில் அதை எதிர்பார்ப்பது முறையாகாது. ஆனால் அழைத்துச் செல்லும் பெற்றோரிடம் எதிர்பார்க்கலாம்.

சங்க இலக்கியத்தில் ஊழைப் பற்றிய ஆழமான சிந்தனை, புறநானூற்றின் 192ஆம் பாட்டில் உள்ளது. கணியன் பூங்குன்றனாரின் அந்தப் பாட்டில் முதலடியே எங்கும் எடுத்தாளப்படுகிறது; பின்பகுதியைப் படிப்பவர் குறைவு. கல்லில் மோதி ஒலிக்கும் பேராற்றின் நீர்வழியே செல்லும் புணையைப் போல உயிர் முறையின் வழியே செல்கிறது என்று அறிந்த காரணத்தால், பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று அப்பாட்டு முடிவுக்கு வருகிறது. ஊழை ஒப்புக்கொண்டவர் அதிலிருந்து சோம்பலையோ விரக்தியையோ வருவிக்காமல், பிறரை மதிப்பிடும் முறையை வருவித்திருப்பது கவனிக்கத்தக்கது. சேர்க்கைப் பட்டியலுக்கு இதைவிடப் பொருத்தமான உரை இல்லை. 200 பெற்றவரின் புகைப்படத்தைப் பதாகையில் அச்சிட்டுத் தெருமுனையில் நிறுத்துவது முதல் விலக்கை மீறுகிறது. 196 பெற்றவரை உறவினர் நடுவில் தலைகுனிய வைப்பது இரண்டாவதை மீறுகிறது. இரண்டில் எது கொடிது என்பதையும் புலவர் அளந்தே சொல்லியிருக்கிறார்.

இவ்வளவும் கலந்தாய்வு நாளில் எவ்வாறு பயன்படும் என்ற கேள்வி நியாயமானது. விருப்பப் பட்டியல் என்பது கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் மாணவர் தம் விருப்ப வரிசையில் கணினியில் பதிவு செய்வது. தரவரிசையில் அவருடைய முறை வரும்போது, அப்பட்டியலை மேலிருந்து படித்து, இடம் காலியாக உள்ள முதல் விருப்பத்தைக் கணினி ஒதுக்குகிறது. கிண்டியை முதலிடத்தில் எழுதி அது கிடைக்காமல் போனால், அதனால் இரண்டாவது விருப்பத்துக்கான உரிமை அணுவளவும் குறைவதில்லை. ஆயினும் கிடைக்காது என்று கேள்விப்பட்டதை நம்பி, உண்மையில் விரும்பிய கல்லூரியைப் பட்டியலில் சேர்க்காமலே விட்டவர்கள், பின்னர் தம்மைவிடத் தரவரிசையில் கீழே இருந்தவருக்கு அந்த இடம் போனதை அறிந்து வருந்துகின்றனர். விருப்பத்தின் வரிசை வேறு, கிடைக்கும் என்ற கணிப்பின் வரிசை வேறு. முதலாவதைப் பட்டியலின் வரிசைக்கும், இரண்டாவதைப் பட்டியலின் நீளத்துக்கும் பயன்படுத்த வேண்டும். கடந்த ஆண்டுகளின் கடைசித் தரவரிசை எண்களைப் பார்த்து, நிச்சயமாகக் கிடைக்கக்கூடியவையும் இடம்பெறும் அளவுக்குப் பட்டியலை நீட்டிக்கொண்டு, அதன் உச்சியில் மனம் விரும்பும் கல்லூரியைத் தயங்காமல் எழுதும்படி பிள்ளைகளைப் பெற்றோர் விடவேண்டும். கணினியில் பட்டியலைப் பூட்டுவதற்கு முன் அந்த வரிசையைப் பிள்ளையே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும். பக்கத்தில் இருப்பவர்கள் திருத்தாமல் இருந்தால் போதும்.